பாளையங்கோட்டையில் ஒரு விளம்பரக்கலை வகுப்பு
என் மகள் பாளையங்கோட்டையில் படித்த விளம்பரக்கலை வகுப்பு, அழகான வாசகம் எழுதுவதற்கு முன் பொருளை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்பதே எனக்குப் பெருமகிழ்ச்சி. பத்தமடைப் பாய்க்கு விளம்பரம் எழுதுவதற்காக மாணவர்கள் நெசவாளர் வீட்டுக்கே சென்று, ஊறவைத்த கோரை மயிரிழைபோலக் கீறப்பட்டுப் பாயாவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தார்கள். ‘தரமான பாய்’ என்று அவள் எழுதிய முதல் வரியை அடித்துவிட்ட ஆசிரியர், எல்லாக் கடைக்காரரும் சொல்லும் சொல் விளம்பரமாகாது என்றார். ஏழாவது முறை எழுதியபோதுதான், பட்டுத்துணிபோல மடிக்கலாம் என்ற உண்மையே வாசகமாக அமைந்தது. 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிகளையும் படித்ததால், மிகைக்கும் பொய்க்கும் இடையிலுள்ள கோடு அவளுக்குத் தெரிகிறது. கணினி வடிவமைப்புக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. ஆயினும் கூச்சமின்றித் தன் எழுத்தைப் பிறர்முன் வாசித்து, குறை கேட்டுத் திருத்தும் பழக்கம் வந்திருக்கிறதே, அதற்காகவே என் தம்பி மகனையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.