பிட்ஜின் செட்டிங்ஸ்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு எதை மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன்

பல சாட் சேவைகளை ஒரே இடத்தில் ஓட்டும் கணினி நிரலான பிட்ஜினை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், நான் பயன்படுத்துகிறேன், அதுவும் தினமும். என் எக்ஸ்எம்பிபி கணக்குகளும் ஐஆர்சி அறைகளும் அதில்தான் ஓடுகின்றன, இரண்டுமே எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திறந்த சாட் முறைகள். 1998-இல் மார்க் ஸ்பென்சர் கெய்ம் என்ற பெயரில் தொடங்கிய நிரல் இது. ஏஓஎல் நிறுவனத்தோடு இருந்த பெயர்த் தகராறு ஒருவழியாக முடிந்து 2007-இல் பிட்ஜின் ஆனது. அதற்கப்புறம் அது பேசிக்கொண்டிருந்த சேவைகள்தான் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. ஏஓஎல்லின் சாட் சேவையான ஏஐஎம் 2017 டிசம்பரில் போனது, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில், ஐசிக்யூ 2024 ஜூனில். என் கணக்குப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்ததே தவிர நிரல் அப்படியே நிற்கிறது, அதன் செட்டிங்ஸ் ஜன்னலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

அந்த செட்டிங்ஸைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன். புதிதாக வருபவர்கள் தொடர்புப் பட்டியலில் கண்ட்ரோல் பி அழுத்தி, ப்ரெஃபரன்சஸ் ஜன்னலில் உள்ள எல்லா டேப்பையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று மூடிவிடுகிறார்கள். அங்கே இருப்பது பாதிதான். மீதி, கூடுதல் வசதி தரும் துணைநிரல்களான ப்ளகின்களுக்குள்ளும், ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக இருக்கும் மெனுவிலும், கணக்கின் அட்வான்ஸ்டு பகுதியிலும், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபைல்களிலும் சிதறிக் கிடக்கிறது. அன்றாடம் நிம்மதி தருவது பெரும்பாலும் அந்த மீதிதான்.

சரி, முதலில் ப்ரெஃபரன்சஸ். இன்டர்ஃபேஸ் டேப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது, புதிதாக வரும் உரையாடல்களை மறைத்து வைக்கும் அமைப்பு. எப்போதும் மறை, மறைக்காதே, நான் வெளியே என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கும்போது மட்டும் மறை என்று மூன்று தேர்வுகள். நான் மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். திரையை மற்றவர்களுக்குக் காட்டிப் பேசப்போகிறேன் என்றால் ஸ்டேட்டஸை மாற்றினால் போதும், யார் என்ன அனுப்பினாலும் ஜன்னல் குதித்து முன்னால் வராது, திரையின் ஓரத்தில் சின்ன ஐகான்கள் இருக்கும் சிஸ்டம் ட்ரேயில் உள்ள பிட்ஜின் ஐகான் மட்டும் செய்தி வந்திருப்பதைக் காட்டும், நமக்குத் தோதான நேரத்தில் அதைச் சொடுக்கித் திறந்துகொள்ளலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் டெஸ்க்டாப்பான க்னோமின் 3.26 பதிப்பில், அதாவது 2017-இல், பழைய வகை ட்ரேயை எடுத்துவிட்டார்கள், அதனால் க்னோமில் இந்த வசதி வேண்டுமென்றால் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். ட்ரே இல்லாமல் மறைக்கும் அமைப்பை மட்டும் போட்டுவிட்டால் செய்தி வந்ததே தெரியாமல் போய்விடலாம், எனவே முதலில் ட்ரே ஐகான் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அதைத் தொடுங்கள்.

கான்வர்சேஷன்ஸ் டேப்பில் நான் முதலில் எடுத்துவிடுவது, வரும் செய்திகளின் ஃபார்மாட்டிங்கைக் காட்டும் டிக். அது இருந்தால் எதிரில் இருப்பவர் தேர்ந்தெடுத்த எழுத்துருவும் நிறமும் அளவும் அப்படியே நம் திரைக்கு வந்துவிடும். கறுப்புப் பின்னணி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு யாராவது கருநீலத்தில் எழுதினால் கதை முடிந்தது. தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று எதிராளிக்குக் காட்டும் டிக்கையும் எடுத்துவிட்டேன். பாதி எழுதி, அழித்து, யோசித்து, மறுபடி எழுதுவது என் பழக்கம், அதை எதற்கு இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? இதைச் சிலர் ஒளிவு மறைவு என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் வசதியையும் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் திரை முழுக்கக் கோடுதான் மிஞ்சும்.

அதே டேப்பில் எழுதும் பெட்டி குறைந்தபட்சம் எத்தனை வரி உயரம் இருக்க வேண்டும் என்று ஒரு சின்ன எண் இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாத அமைப்பு, ஆனால் இதன் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது. 2008-இல் 2.4.0 பதிப்பு வந்தபோது, எழுதும் பெட்டியை நாமே இழுத்துப் பெரிதாக்கும் வசதியை எடுத்துவிட்டு, எழுத எழுதத் தானாக வளரும்படி செய்தார்கள். பயனர்கள் கொதித்துவிட்டார்கள். பழையபடி இழுக்க ஒரு தேர்வாவது கொடுங்கள் என்று கேட்டார்கள், உருவாக்குபவர்கள் முடியாது என்றார்கள், கடைசியில் சிலர் நிரலின் மூலத்தை எடுத்து ஃபன்பிட்ஜின் என்று தனியாகவே ஒன்று தொடங்கினார்கள், அது பின்னால் கேரியர் என்று பெயர் மாறியது. ஒரு பெட்டியின் உயரத்துக்காக ஒரு நிரலே இரண்டாகப் பிரிந்த கதை! என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு டிக் பெட்டி வைத்துக்கொண்டே போனால் செட்டிங்ஸ் ஜன்னல் யாருக்கும் புரியாத காடாகிவிடும் என்பது உண்மை, நாள் முழுக்க விரல் புழங்கும் இடத்தில் கேட்காமல் கைவைத்தால் கோபம் வரும் என்பதும் உண்மை. அந்த எண்ணை நான்கு வரி என்று வைத்துவிட்டால் இன்றைக்கு எனக்குப் போதும்.

சவுண்ட்ஸ் டேப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆட்கள் வருவதற்கும் போவதற்கும் இருக்கும் ஒலிகளை எடுத்துவிட்டு, தனிச் செய்திக்கும், அறையில் என் பெயரை யாராவது சொன்னால் வருவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

உரையாடல்களைச் சேமித்து வைக்கும் லாகிங் டேப்பில் இயல்பாக, வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் வடிவம் இருக்கும். அதை முதல் நாளே ப்ளெயின் டெக்ஸ்டுக்கு மாற்றிவிடுங்கள். உரையாடல்கள் கணக்கு வாரியாக, ஆள் வாரியாக, தேதி வாரியாகத் தனித்தனி ஃபைல்களாகச் சேருகின்றன. வெறும் எழுத்தாக இருந்தால் ஃபைல்களுக்குள் சொல் தேடும் க்ரெப் கட்டளை ஒன்று போதும், எந்த ஆண்டு யாரிடம் என்ன பேசினோம் என்று சில நொடியில் தேடி எடுத்துவிடலாம். சேவை மூடப்பட்ட பிறகும் யாஹூ காலத்து உரையாடல்கள் என்னிடம் இருப்பது இதனால்தான். சர்வரை நம்பியிருக்கும் இன்றைய செயலிகளில் இந்தச் சுகம் கிடைப்பது கஷ்டம்.

ஸ்டேட்டஸ் ஐடில் டேப்பில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நிதானமாக யோசித்து முடிவெடுங்கள். நீங்கள் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறீர்கள் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லலாமா, சொல்லலாம் என்றால் எதை வைத்து? கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்தை வைத்துக் கணக்கிடலாம், கீபோர்டு மவுஸ் அசைவை வைத்துக் கணக்கிடலாம், அல்லது எதுவுமே சொல்லாமல் இருக்கலாம். இரண்டாவதைப் போட்டால் நீங்கள் மேசையில் இருக்கிறீர்களா இல்லையா என்பது ஊருக்கே தெரியும். நான் எதுவும் சொல்லாதே என்று வைத்திருக்கிறேன். தானாகப் பதில் அனுப்பும் வசதியும் அணைக்கப்பட்டிருக்கிறது, மனிதரிடம் பேச வந்தவருக்கு நிரல் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது.

அப்புறம் ப்ளகின்கள். இவை நிரலோடு கூடவே வருகின்றன, ஆனால் அணைந்த நிலையில் வருகின்றன, அதனால் பலர் பார்ப்பதே இல்லை. ஐஆர்சி பயன்படுத்துபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியது ஜாயின் பார்ட் ஹைடிங். பெரிய அறைகளில் இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று வரி வரியாகக் கொட்டும் குப்பையை அது மறைத்துவிடும், ஆனால் கண்மூடித்தனமாக இல்லை. சமீபத்தில் பேச்சில் கலந்துகொண்டவர் போனால் மட்டும் காட்டும், ஏனென்றால் நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஆள் கிளம்பிவிட்டார் என்பது தெரிந்தாக வேண்டிய விஷயம். எத்தனை பேருக்கு மேல் இருந்தால் பெரிய அறை, எத்தனை நிமிடம் பேசாமல் இருந்தால் சும்மா இருப்பவர் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். இப்படி யோசித்துச் செய்த ஒரு சின்ன அமைப்பு பத்து தீம்களுக்குச் சமம்.

அடுத்தது மெசேஜ் நோட்டிஃபிகேஷன். அறைகளில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பு வேண்டாம், என் பயனர் பெயரைச் சொன்னால் மட்டும் போதும் என்று இதில் சொல்லலாம். ஜன்னல் தலைப்பில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கையைப் போடச் செய்யலாம். ஜன்னலைத் தூக்கி முன்னால் கொண்டுவரும் தேர்வும் இருக்கிறது, அதை மட்டும் போட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருக்கும்போது சாட் ஜன்னல் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஹிஸ்டரி ப்ளகின், புதிதாக உரையாடல் திறக்கும்போது அதே ஆளிடம் கடைசியாகப் பேசியதை மேலே காட்டும், லாகிங் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் எழுத்துப்பிழை திருத்தத்துக்காக வந்தது, நான் அதைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்துகிறேன், மூன்றெழுத்து தட்டினால் முழு வாக்கியம் வந்துவிடும். சைக்கிக் மோட் என்று ஒன்று உண்டு, எதிராளி தட்டச்சைத் தொடங்கிய உடனேயே, செய்தி வருவதற்கு முன்பே, ஜன்னல் திறந்துகொள்ளும். வேடிக்கைதான். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் தட்டச்சு அறிவிப்பை அணைக்க வேண்டும் என்ற என் முடிவு உறுதியானது.

ஆள் வாரியான அமைப்புகளைச் சொல்லாமல் விட முடியாது. உரையாடல் ஜன்னலின் ஆப்ஷன்ஸ் மெனுவில் லாகிங்கையும் ஒலியையும் அந்த ஒருவருக்கு மட்டும் மாற்றலாம், அடுத்த முறை திறக்கும்போதும் அது நினைவில் இருக்கும். நிமிடத்துக்கு ஒன்றாக ஓரிரு சொல் அனுப்பும் நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார், அவருக்கு ஒலியை அணைத்துவிடுங்கள், நட்புக்கு ஒன்றும் ஆகாது. பட்டியலில் உள்ள அறை ஒன்றை வலது சொடுக்கினால் தானாகச் சேர்வது, ஜன்னலை மூடினாலும் அறையை விட்டு வெளியேறாமல் இருப்பது என்று இரண்டு தேர்வுகள் வரும், நான் தினமும் இருக்கும் அறைகளுக்கு இரண்டையும் போட்டிருக்கிறேன். பவுன்ஸ் என்ற வசதி இன்னொன்று. இன்னார் ஆன்லைன் வந்தால், அல்லது வெளியே போய்த் திரும்பினால், எனக்குச் சொல்லு, ஒலி எழுப்பு, ஒரு கட்டளையை ஓட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பிடிப்பதற்கே கஷ்டமான ஆட்களைப் பிடிக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

யார் நம்மைத் தொடர்புகொள்ளலாம் என்பது டூல்ஸ் மெனுவில் ப்ரைவசி என்று தனியாக இருக்கிறது, ப்ரெஃபரன்சஸ் ஜன்னலில் தேடினால் கிடைக்காது. அதுவும் ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. ஒரு கணக்கில் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் என்று வைத்துவிட்டு எல்லாக் கணக்குக்கும் சேர்த்து ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்எம்பிபி கணக்கின் அட்வான்ஸ்டு டேப்பில் என்கிரிப்ஷன் கட்டாயம் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது சர்வர் வரைக்குமான பாதுகாப்புதான். ஆளுக்கு ஆள் ரகசியமாகப் பேச ஓடிஆர் ப்ளகினைத் தனியாக நிறுவ வேண்டும், நிறுவினால் அந்த உரையாடல்களை லாக் செய்யாதே என்ற டிக்கையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் பூட்டு போட்டுக் கொண்டுவந்த செய்தி நம் டிஸ்கில் திறந்து கிடக்கும்.

கடைசியாக ஃபைல்கள். எல்லா அமைப்புகளும் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் பர்ப்பிள் என்ற மறைந்த ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் ஃபைல்களாக இருக்கின்றன. கணக்குகளுக்கு ஒன்று, தொடர்புப் பட்டியலுக்கு ஒன்று, ப்ரெஃபரன்சஸுக்கு ஒன்று, பவுன்ஸுக்கு ஒன்று. கணினி மாற்றும்போது அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போட்டால் லாக் உட்பட எல்லாம் வந்துவிடும். கையால் திருத்துவதானால் நிரலை முதலில் மூடிவிடுங்கள், ஓடிக்கொண்டிருந்தால் அது தன்னிடம் உள்ளதை மேலே எழுதிவிடும். முக்கியமான எச்சரிக்கை: சேமித்த பாஸ்வேர்டுகள் கணக்கு ஃபைலில் வெறும் எழுத்தாகவே இருக்கும். இது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. நிரல் தானே திறக்கக்கூடிய பூட்டைப் போட்டு வைப்பது பாதுகாப்பு மாதிரி ஒரு பாவனைதான் என்பது உருவாக்குபவர்கள் வாதம், எனக்கு அது சரியாகவே படுகிறது. டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்துகொள்ளுங்கள், அல்லது பாஸ்வேர்டைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டுங்கள்.

வேலை ஒரு பக்கம், சொந்தம் ஒரு பக்கம் என்று பிரிக்க நினைப்பவர்கள் டெர்மினலில் பிட்ஜின் கட்டளையோடு சி என்ற கொடியைச் சேர்த்து (-c) வேறொரு ஃபோல்டரைக் காட்டி, எம் என்ற கொடியையும் (-m) சேர்த்துத் தொடங்கினால் இரண்டு பிட்ஜின் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி, தனி ஸ்டேட்டஸ், தனி லாக். மாலையில் வேலைப் பக்கத்தை மூடிவிட்டால் மூடியதுதான்.

எதற்கு இது சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே எக்ஸ்எம்பிபி கணக்கைப் போனிலும் கணினியிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த 2.x பதிப்பு தொல்லைதான். போனில் பேசியது இங்கேயும் தெரிய கார்பன்ஸ் ப்ளகினை வெளியிலிருந்து போட வேண்டும், சர்வரில் இருக்கும் பழைய உரையாடலை இழுத்துக் காட்டும் வசதி இல்லை. எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது வராது. மூன்றாம் பதிப்பு, ஜன்னலும் பொத்தானும் வரைந்து தரும் நூலகமான ஜிடிகே 4-இல் நெடுநாளாக உருவாகிக்கொண்டிருக்கிறது, ஆனால் இப்போதுள்ள ப்ளகின்களை அதற்கேற்ப மாற்றி எழுதினால்தான் அதில் ஓடும். ஜாயின் பார்ட் ஹைடிங்கும் ஆள் வாரியான ஒலி அமைப்பும் அங்கே ஒழுங்காக வந்து சேரும்வரை நான் பழைய பதிப்பிலேயே இருக்கப்போகிறேன்.