சிங்கப்பூர் சாங்கிக் கரையில் ஐந்து வருடம்: நண்டு வலை வாங்கப் போகிறவர்களுக்கு

2020 கடைசியில் முதல் வலையை வாங்கினேன். இப்போது கையில் இருப்பது மூன்றாவது. முதலாவது துருவில் போனது, இரண்டாவதைக் கடல் கொண்டுபோனது. வலை வாங்கட்டுமா, எது வாங்கட்டும் என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கரையிலிருந்து போடுவதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்று மடக்குக் கூண்டு. சுற்றிலும் வலை, பக்கத்தில் வாய், உள்ளே போன நண்டுக்கு வெளியே வரத் தெரியாது. மலாய்க்காரர்கள் 'புபு' என்பார்கள், நாமும் அப்படியேதான் சொல்கிறோம். இன்னொன்று வட்ட வலை. இரண்டு கம்பி வளையம், நடுவில் இரைப் பை. கடல் தரையில் தட்டுப்போலப் படுத்திருக்கும். கயிற்றை இழுத்தால் மேல் வளையம் எழும்பிக் கூடையாகிவிடும். நண்டு தின்றுகொண்டிருக்கும்போதே இழுத்தால்தான் கிடைக்கும். தாமதித்தால் தின்றுவிட்டுப் போய்விடும்.

புபுவில் நிறைய விழும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் வட்ட வலைக்கு மாறியதற்குக் காரணம் இருக்கிறது.

2022இல் பாறை ஓரம் ஒரு புபு போட்டேன். கயிறு சிப்பி ஒட்டிய கல்லில் உரசி அறுந்துவிட்டது. பதினெட்டு வெள்ளி (டாலர்) போயிற்று என்று வருத்தப்பட்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு பௌர்ணமி அதிகாலை, நீர் நன்றாக வற்றிய நேரத்தில் அதே இடத்தில் நடந்தபோது சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. கயிற்றில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு நண்டு ஓடு, ஒரு மீன் எலும்பு, அவற்றுக்கு மேல் ஒரு குதிரைலாட நண்டு, உயிரோடு. வாலை வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு கால்களை மெதுவாக அசைத்தது. கத்தரித்து எடுத்து நீரில் விட்டபோது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு சேற்றைக் கிளறிக்கொண்டு போனது. பெயரில்தான் நண்டு, சிலந்திக்கும் தேளுக்கும்தான் அது நெருங்கிய சொந்தம். சிங்கப்பூரில் இரண்டு இனம் இருக்கிறது. இயற்கைச் சங்கத் தொண்டர்கள் மண்டாய்ச் சேற்றுப் பகுதியில் கைவிட்ட வலைகளிலிருந்து இவற்றை மீட்டிருக்கிறார்கள். அவர்கள் வெட்டி எடுத்த வலைகள் மாதிரியே ஒன்றை நானும் கடலில் விட்டுவைத்திருந்தேன். ஆள் இல்லாவிட்டாலும் புபு பிடித்துக்கொண்டே இருக்கும். செத்தது அடுத்ததற்கு இரையாகும். வட்ட வலை அறுந்து விழுந்தால் தட்டையாகக் கிடக்கும். எது வேண்டுமானாலும் ஏறி இறங்கிப் போகலாம்.

இனி பொருளைப் பற்றி. முதல் வலையின் கம்பி முலாம் பூசியது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசினேன், ஆனாலும் கம்பிகள் இணையும் இடத்தில் முலாம் உரிந்து எட்டாவது மாதம் துரு பிடித்தது. துருச் செதில் வலை நூலை அறுத்தது. இப்போதைய வலை எவர்சில்வர், மூன்று வருடமாகத் தாங்குகிறது. எவர்சில்வரிலும் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 304 ரகம் கடல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன் என்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன்.

கயிறு அதைவிட முக்கியம். கடையில் வலையோடு தருவது பெரும்பாலும் பச்சை பாலிப்ரொப்பிலீன். அது மிதக்கும். மிதக்கிற கயிறு பக்கத்தில் மீன் பிடிப்பவரின் தூண்டில் நரம்பில் சுற்றும், படகு வந்தால் அதன் உந்துவிசிறியில் சுற்றும். நைலான் கயிறு மூழ்கும், கைக்கும் மெத்தென்று இருக்கும். 8 மில்லிமீட்டர் போதும்.

இரைக்குத் தேக்கா சந்தையில் மீன் வெட்டும் இடத்தில் கானாங்கெளுத்தித் தலை கேட்பேன். கோழிக் கழுத்தும் போட்டுப் பார்த்தேன். நீரோட்டத்தில் சீக்கிரம் கரையாது என்பது உண்மை, ஆனால் மீன் தலைக்கு வருகிற மாதிரி வராது.

நேரம் எனக்குச் சொல்லித் தந்தவர் சாங்கியில் தினமும் உட்கார்ந்திருக்கும் ஒரு மலாய் பாக்சிக் (பெரியவர்). "ஆயர் பாசாங் தொடங்கும்போது போடு, அடேக்" என்பார். ஆயர் பாசாங் என்றால் நீர் ஏற்றம், அடேக் என்றால் தம்பி. நீர் ஏறத் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டர் வரை வித்தியாசம் வரும், அப்போது நீரோட்டம் வலையை நகர்த்திவிடும். வளையத்தில் ஈயக்கட்டி கட்ட வேண்டும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று அம்மா சொல்வார். என் குறிப்பேட்டில் அப்படித் தெரியவில்லை. புதிதாக ஓடு மாற்றிய நண்டுதான் எந்த நாளிலும் தண்ணீராக இருக்கிறது. அடிவயிற்றை அழுத்தினால் அமுங்கும். அதை விட்டுவிடுவேன்.

எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் பூ நண்டு. ஆண் நீலம், பெண் பழுப்பு. கடைசிக் கால் இரண்டும் துடுப்புப்போலத் தட்டை. பின்பக்கமாக அந்தக் கால்கள் உடலோடு சேரும் இடத்தில் பிடித்தால் கொடுக்கு எட்டாது. அடிவயிற்று மடிப்பில் முட்டை இருந்தால் உடனே கடலுக்கு. முட்டை முதலில் ஆரஞ்சு நிறம், பொரியும் சமயம் கருத்துவிடும். எந்த நிறமானாலும் சரி, விட்டுவிடுங்கள்.

நீர்த்தேக்கத்தில் சிவப்புக் கொடுக்கு கிரேஃபிஷ் (பெரிய இறால் போன்ற நன்னீர் உயிரி) இருக்கிறதே, அங்கே இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே பெருகிய இனம் என்பது உண்மைதான். ஆனால் நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மட்டும், செயற்கை இரை போட்டுத் தூண்டிலில் பிடிக்கத்தான் அனுமதி. வலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கடற்கரைப் பூங்காவிலும் அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகு போடுங்கள்.

புபுதான் வேண்டும் என்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பக்க வலையைக் கை அகலத்துக்குக் கத்தரித்து, அந்த இடத்தைச் சாதாரணப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். தொலைந்துபோனாலும் நூல் இற்று வழி திறந்துகொள்ளும். படகுத்துறைக் காலில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆறாவது வாரம் விரலால் இழுத்ததும் அறுந்தது.