டிரிபிள், நீல்சன் நார்மன், கவ்.யூகே: இடைமுக வடிவமைப்பை எங்கே கற்பது?

நிரல் எழுதும் வேலையிலிருந்து இடைமுக வடிவமைப்புக்கு, அதாவது திரையில் பயனர் பார்த்துக் கையாளும் பகுதிகளை வடிவமைக்கும் வேலைக்கு, மாறிய இரண்டு ஆண்டுகளில் இந்த மூன்று தளங்களையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்புத் தொகுப்பிலேயே நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வடிவமைப்பாளர்கள் தங்கள் படைப்புகளின் படங்களைக் காட்சிக்கு வைக்கும் தளமான டிரிபிளில் நிறச் சேர்க்கையும் எழுத்துரு இணைப்பும் கண்ணுக்குப் பழகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், தொடக்கத்தில் 400-க்கு 300 பிக்சல் சட்டத்துக்குள் படைப்பைக் காட்டச் சொன்ன தளம் அது. அங்கே எல்லாப் பெட்டிகளும் சரியாக நிரம்பியிருக்கும், எவர் பெயரும் நீளமாக இராது, எந்தப் படிவமும் பிழை காட்டாது.

ஜேக்கப் நீல்சனும் டான் நார்மனும் 1998-இல் தொடங்கிய நீல்சன் நார்மன் என்ற பயன்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் கட்டுரைகளோ நேர் எதிரானவை. நீல்சன் 1994-இல் வகுத்த பத்துப் பயன்பாட்டு நெறிகளில் இரண்டு, பிழையைத் தடுப்பதையும் பிழையிலிருந்து மீள உதவுவதையும் பற்றியவை. படிக்கும்போது எல்லாம் விளங்கும். மறுநாள் வெற்றுத் திரையின் முன் அமரும்போதுதான் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

என் தேர்வை முடிவு செய்ததும் இந்தப் பிழை விஷயம்தான். பயிற்சி நிலையம் ஒன்றின் சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதிக்கு அழகான நாள்காட்டி ஒன்றை வைத்திருந்தேன். 1961-இல் பிறந்த ஒருவர் பின்னோக்கும் அம்புக்குறியை மாதம் மாதமாகத் தட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தவறு உறைத்தது.

அரசு இணையச் சேவைகளுக்கான ஆயத்தப் படிவ உறுப்புகளும் வழிகாட்டிக் குறிப்புகளும் கொண்டது 2018-இல் வெளியான கவ்.யூகே தொகுப்பு. அது, பிறந்த தேதி போல மனப்பாடமாகத் தெரிந்த தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகளையே தருகிறது. ஆண்டுக்கான பெட்டி மட்டும் சற்று அகலம். ஆண்டை விட்டுவிட்டால் அந்த ஒரு பெட்டியே சிவப்பாகும், பிறந்த தேதியில் ஆண்டு இருக்க வேண்டும் என்று செய்தியும் குறிப்பாகச் சொல்லும். பக்கத்தின் உச்சியில் பிழைகளின் தொகுப்பு தோன்றும். அதில் ஒன்றைத் தட்டினால் உரிய பெட்டிக்கே கொண்டுபோய் நிறுத்தும். பிழைச்செய்தியில் ‘தயவுசெய்து’ வேண்டாம், அது விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற பொருளைத் தந்துவிடும் என்பதுவரை காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். பெட்டி, பொத்தான் போன்ற ஓர் உறுப்பை எப்போது பயன்படுத்தக்கூடாது என்பதையும் அங்கேயே படிக்கலாம். எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை அந்தப் பத்திகள்தாம்.

நிரலையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் எழுத்துருவை அரசுத் தளங்களுக்கு வெளியே பயன்படுத்த உரிமை இல்லை. பொருளைக் காட்டி மனத்தை இழுக்க வேண்டிய கடைத் தளத்துக்கு இது மட்டும் போதாது. அங்கே டிரிபிளைத்தான் இன்றும் திறக்கிறேன். கைப்பேசிச் செயலிகளில் எனக்கு அனுபவம் குறைவு, எனவே அதைப் பற்றி உறுதியாகச் சொல்லத் துணியவில்லை. தமிழில் இதுவரை செய்தவை இரண்டே படிவங்கள். ‘கடவுச்சொல்லை மீட்டமைக்க’ என்ற பொத்தான் சிறிய திரையில் இரண்டு வரிகளாக மடிந்தது, அந்த வரிகளுக்கு இடையிலான இடைவெளியை நானே கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.