பெரிய கிளப்பா, பெரிய பெயரா, பக்கத்துச் சங்கமா?

பெருநகரத்தின் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும், கால்பந்து பழக ஆசைப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொதுவாக மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, தொழில்முறை கிளப் நடத்தும் அகாடமி. டிரயல்ஸில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். அடுத்தது, ஏதோ ஒரு பிரபல பெயரைப் பலகையில் தாங்கிய கட்டண அகாடமி. பணம் கட்டினால் இடம் கிடைத்துவிடும். மூன்றாவது, அந்தப் பகுதியிலேயே இருக்கும் சிறு சங்கம். ஒரு மைதானம், இரண்டு மூன்று கோச், வார இறுதியில் லீக் மேட்ச், அவ்வளவுதான். பள்ளி அணியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டம். கிடைத்தால் நல்லது, ஆனால் இந்த மூன்றுக்கும் ஈடாகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 வயது வரை பக்கத்துச் சங்கம்தான், அங்கே கோச் மோசமாக இல்லாத பட்சத்தில். அதன் பிறகு பெரிய கிளப் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். கட்டண அகாடமி கடைசியில்தான் வரும், அதுவும் சில நிபந்தனைகளோடு.

பெரிய கிளப்பின் பலம் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பின் அகாடமியான லா மாசியா 1979-ல் இளம் வீரர்கள் தங்கும் விடுதியானது. 2010-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதின் கடைசி மூன்று பெயர்களும் (மெஸ்ஸி, இனியஸ்டா, சாவி) அங்கே வளர்ந்தவர்கள்தான். 2012 நவம்பரில் லெவாண்டே அணிக்கு எதிரான ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் பார்சிலோனாவுக்காக ஆடிக்கொண்டிருந்த 11 பேருமே லா மாசியா பிள்ளைகள். நல்ல புல்தரை, பிசியோ, தினமும் தன்னைவிடக் கெட்டிக்காரப் பையன்களோடு ஆடும் வாய்ப்பு, இவையெல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் தொழில்முறை கிளப்பின் அகாடமிக்குத் தேர்வான பிள்ளைகளின் பெற்றோர் கட்டணமும் கட்டுவதில்லை.

சிக்கல் தேர்விலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2012-ல் கொண்டுவந்த திட்டப்படி அகாடமிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே கிளப்பில் பதிவு நடக்கிறது. எட்டு வயதில் ஒரு பையனைப் பார்த்து இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று எப்படிச் சொல்ல முடியும்? முடியாது. கண்ணில் படுவது உயரமும் வேகமும்தான். அதனால் எந்த நாட்டு அகாடமியை எடுத்தாலும் ஒரே கதை: வயதுக் கணக்கு தொடங்கும் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் நிறைய இருப்பார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாக இருப்பார்கள். ஒரே வயதுப் பிரிவில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே பதினோரு மாத வளர்ச்சி வித்தியாசம் இருக்கலாம். எட்டு வயதில் அது சின்ன விஷயமில்லை. இதைச் சரிசெய்யத்தான் சில கிளப்புகள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாக்கி ஆடவைத்துப் பார்க்கின்றன. உங்கள் பிள்ளை அந்தக் கணக்கின் கடைசி மாதங்களில் பிறந்தவன் என்றால், டிரயல்ஸில் விடுபட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போனவர்கள் நிலைப்பதும் உறுதியில்லை. வருடா வருடம் கழித்துக்கட்டல் உண்டு. ஹாரி கேனை ஆர்சனல் அகாடமி ஒரே பருவத்தில் அனுப்பிவிட்டது, அப்போது அவருக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் திரும்பிப் போனது ரிட்ஜ்வே ரோவர்ஸ் என்ற உள்ளூர்ச் சங்கத்துக்கு. பின்னாளில் இங்கிலாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவர் அவர்தான். பிரெஞ்சு ஆட்டக்காரர் கிரீஸ்மனைக் குள்ளம் என்று பிரெஞ்சு கிளப்புகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்ப, ஸ்பெயினின் ரியல் சொசியெடாட் சேர்த்துக்கொண்டது.

இதில் சுவாரசியமான சாட்சி, 2016-ல் யாரும் எதிர்பாராமல் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற லெஸ்டர் அணி. அந்த அணியின் மூன்று முக்கியமான ஆட்டக்காரர்களைப் பாருங்கள். ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே விடுவித்தது. என்'கோலோ கான்டே பாரிஸின் மேற்குப் புறநகரில் உள்ள சுரேன் சங்கத்தில் ஆடி, 19 வயதில்தான் பூலோன் கிளப்புக்குப் போனார். ரியாத் மஹ்ரெஸ் வடக்குப் புறநகரான சார்செல்லில் சங்கத்து ஆட்டக்காரர். சரி, ஜெயித்தவர்களை மட்டும் எடுத்துக்காட்டினால் எந்த வாதத்தையும் நிரூபித்துவிடலாம் என்பது எனக்கும் தெரியும். சங்கத்தில் ஆடி அங்கேயே நின்றுபோன ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பெரிய அகாடமியில் சேர்ந்து நின்றுபோனவர்களின் பெயரும் அப்படித்தான். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எட்டு வயதில் பெரிய கிளப்பில் இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

பயணத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் முன்பு ஒரு விதி இருந்தது. சிறு பிள்ளைகளின் வீடு அகாடமியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், 13 முதல் 16 வயது வரை ஒன்றரை மணி நேரத்துக்குள். 2012-க்குப் பிறகு உயர்தர அகாடமிகளுக்கு இது தளர்ந்தது. பெருநகர நெரிசலில் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றால், பயிற்சிக்குச் செலவாகும் நேரத்தைவிடச் சாலையில் கழியும் நேரம் அதிகம். வாரத்துக்கு மூன்று நாள் இப்படிப் போய் வரும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம், தூக்கம், தெருவில் சும்மா பந்து தட்டும் நேரம் மூன்றும் குறையும். இதில் எனக்கு மிகவும் கவலை தருவது கடைசியில் சொன்னதுதான். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேடன் சாஞ்சோ போன்ற தென் லண்டன் பிள்ளைகளின் டிரிபிளிங் (எதிராளிகளைத் தாண்டிப் பந்தை ஓட்டிச் செல்வது), கம்பிவலை போட்ட சின்னக் கூண்டு மைதானங்களில் பெரிய பையன்களுக்கு நடுவே ஆடி வந்தது. அதை எந்தக் கோச்சும் அட்டவணை போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கட்டண அகாடமிக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. உள்ளூரில் நாலு நல்ல கோச்சுகள் சேர்ந்து நடத்துவது ஒன்று. அதைப் பணம் வாங்கும் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம், அதில் தவறொன்றும் இல்லை. வெளிநாட்டு கிளப்பின் பெயரையும் சட்டையையும் பாடத்திட்டத்தையும் உரிமம் வாங்கி நடத்துவது இன்னொன்று. பார்சிலோனாவின் பெயரில் பல நாடுகளில் கட்டணப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அவை வேறு, லா மாசியா வேறு. சட்டை ஒன்றுதான். ஐரோப்பாவிலிருந்து பாடத்திட்டம் வரும், வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து போவார்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் பிள்ளைக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர் உள்ளூரில் வேலைக்கு எடுத்த ஓர் இளைஞர்தான். அவர் யார், என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறார், ஒரு வருடம் தாண்டி அங்கே இருப்பாரா? கேட்க வேண்டியது இவைதான். பலகையில் இருக்கும் பெயரிடம் கேட்க எதுவும் இல்லை.

நான் பார்த்தவரை இந்த வகையின் பெரிய ஓட்டை மேட்ச்தான். கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவு செய்யாத அகாடமி அதிகாரபூர்வ லீக்கில் ஆட முடியாது. அப்படியானால் பிள்ளை வருடம் முழுக்கக் கோன்களைச் சுற்றி ஓடும், அகாடமிக்குள்ளேயே நட்பு ஆட்டம் ஆடும், ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ஒரு பதக்கம் கிடைக்கும். தோற்கும் அனுபவம்கூடக் கிடைக்காது. சேர்க்கும் முன், போன பருவத்தில் எந்த லீக்கில் எத்தனை மேட்ச் ஆடினீர்கள் என்று கேளுங்கள். பதில் சுற்றிவளைத்து வந்தால் அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.

அப்புறம், சங்கம். பக்கத்துச் சங்கத்தின் வலிமையை உலகத்துக்குக் காட்டியது பாரிஸின் புறநகர்கள்தான். பிரெஞ்சு நட்சத்திரம் எம்பாப்பே பொந்தி என்ற புறநகர்ச் சங்கத்தில் வளர்ந்தவர், அங்கே அவருடைய அப்பாவே கோச். தியரி ஹென்றி, எவ்ரா, மார்ஷியல் மூவருமே லே உலிஸ் என்ற ஒரே புறநகர்ச் சங்கம் வழியாக வந்தவர்கள். அங்கே அடுத்தடுத்த ஊர்களில் சங்கங்கள் இருக்கின்றன, மைதானத்தை ஊராட்சி பராமரிக்கிறது, எல்லா வயதுக்கும் லீக் நடக்கிறது. பிள்ளை நடந்து போய் ஆடிவிட்டுத் திரும்பலாம்.

பிரான்ஸ் இதற்கு மேல் ஒரு நல்ல காரியம் செய்தது. பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள கிளேர்ஃபோந்தேன் தேசிய மையம் 1988-ல் தொடங்கியது. தலைநகர்ப் பகுதியில் தேர்வான 13 வயதுப் பையன்கள் இரண்டு வருடம் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கிப் படித்துப் பயிற்சி எடுப்பார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போய்த் தங்கள் சொந்தச் சங்கத்துக்காக ஆடுவார்கள். வேரைப் பிடுங்காமல் மேலே வளர்க்கும் ஏற்பாடு இது. ஹென்றி, அனெல்கா, மத்துய்தி, எம்பாப்பே எல்லோரும் இப்படி வந்தவர்கள். லா மாசியாவைவிட எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

எல்லாச் சங்கமும் பொந்தி ஆகிவிடாது என்பதும் உண்மை. ஒரே கோச் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுவார். சில இடங்களில் பத்து வயது மேட்ச்சைக்கூட உலகக் கோப்பை இறுதியாட்டமாக நினைத்துக்கொண்டு, நன்றாக ஆடும் ஏழு பேரையே எப்போதும் இறக்குவார்கள், மற்றவர்கள் பென்ச்சில் உட்கார்ந்து பழகுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி இருக்காது, உடை மாற்ற இடம்கூட இருக்காது. கோச்சின் பின்னணியை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். இவற்றில் கடைசிக் குறை இருந்தால் வேறு எந்த நல்லதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மூன்று இடங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றால் நான் எடுப்பது, ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் காலில் பந்து எத்தனை முறை படுகிறது என்பதைத்தான். ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க, ஒருவர் பின் ஒருவராக கோல் அடிக்கும் பயிற்சியில் முக்கால்வாசி நேரம் நிற்பதிலேயே போய்விடும். அதே பன்னிரண்டு பேரை மூன்றுக்கு மூன்று என்று இரண்டு சின்ன மைதானங்களில் ஆடவிட்டால், ஒரு பந்துக்கு ஆறு பேர்தான், ஒதுங்கி ஒளிய இடமே இல்லை. பெல்ஜியம் 2000-களின் தொடக்கத்திலேயே சிறு பிள்ளைகளின் ஆட்டத்தை இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து என்று சுருக்கியது. ஜெர்மனியோ 2018, 2022 உலகக் கோப்பைகளில் முதல் சுற்றிலேயே வெளியேறிய நாடு. அங்கே 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று ஆட்டமும் குட்டி கோல் கம்பங்களும் கட்டாயம். எட்டு வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் பதினோரு பேராக இறக்கும் அகாடமி, எந்தப் பெயரில் இருந்தாலும், காலத்துக்குப் பின்னால் நிற்கிறது.

உடம்பு விஷயத்தில் பெரிய கிளப்தான் முன்னால் நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடிப்படையானவற்றுக்குப் பணம் தேவையில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ஆதரவோடு உருவான ‘11+ கிட்ஸ்’ என்ற வார்ம்-அப் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது. நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்ததில் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அதற்கு ஒரு பந்தும் இருபது நிமிடமும் போதும். பதின்வயதுப் பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவதற்கான வாய்ப்பு பையன்களைவிட அதிகம் என்பதால், அவர்களுக்கும் பெரியவர்களுக்கான 11+ போன்ற ஒன்று அவசியம். பந்தைத் தலையால் முட்டும் ஹெடிங்கை அமெரிக்கா 2015-ல் 10 வயது வரை தடை செய்தது. இங்கிலாந்து 2020-ல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து நீக்கியது. வேகமாக வளரும் வயதில் குதிகால், முழங்கால் வலி சாதாரணம். வலிக்கிறது என்று சொன்னால் இரண்டு வாரம் ஓய்வு கொடுக்கிறாரா, கட்டுப்போட்டு இறக்குகிறாரா என்பதில் கோச்சின் தரம் தெரிந்துவிடும்.

13-க்கு மேல் கணக்கு மாறுகிறது. அந்த வயதில் ஆட்டத்தின் வேகம் கூடும், சமமான எதிராளி தேவைப்படுவார், பதினோரு பேர் ஆட்டத்தின் நுணுக்கங்களை முறையாகக் கற்க வேண்டும். பக்கத்துச் சங்கத்தில் எளிதாக நான்கு பேரைத் தாண்டி கோல் அடிக்கும் பையன் அங்கேயே இருந்தால் தேங்கிவிடுவான். இப்போது பெரிய கிளப் கூப்பிட்டால், பள்ளிப்படிப்புக்கு என்ன ஏற்பாடு, விடுவித்தால் எப்படிச் சொல்வார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். சங்கத்துப் பதிவுக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் நாடு விட்டு நாடு பணத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்காகப் போகும். அந்தக் காகிதம் சங்கத்துக்கும் நாளை உதவும்.

கட்டண அகாடமிகளின் விளம்பரங்களில் இந்த வயதில்தான் ‘ஐரோப்பிய கிளப்பில் டிரயல்ஸ்’ என்ற வரி எட்டிப் பார்க்கும். ஃபிஃபாவின் 19-ஆம் விதிப்படி 18 வயதுக்குட்பட்டவரை வெளிநாட்டு கிளப்பில் பதிவு செய்ய முடியாது. பெற்றோர் கால்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதைத் தாண்டியவர்கள் மாறுவது, எல்லையோரம் வசிப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதை மீறியதாகத்தான் 2014-ல் பார்சிலோனாவுக்கே கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலங்களில் அடுத்தடுத்து இரண்டுக்குப் புதிய வீரர்களை எடுக்கத் தடை வந்தது. 14 வயதுப் பையனைப் பத்து நாள் கூட்டிப்போய் மைதானத்தில் ஓடவிட்டுப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பலாம், அதற்குப் பயணக் கட்டணம், முகாம் கட்டணம் என்று வாங்கலாம், ஆனால் இந்த விலக்குகளில் ஒன்று பொருந்தாவிட்டால் எந்த கிளப்பும் அவனைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அப்படி ஒரு சலுகைக்கு முன்பணம் கேட்டால், எந்த விலக்கின் கீழ் பதிவு செய்வீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.