ஸ்கீட்டின் சொற்பிறப்பு அகராதி: ‘பக்’ என்ற ஒரு சொல்லுக்கே கொடுத்த காசு தகும்

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று பார்க்க இப்போது எல்லோரும் போனைத்தான் எடுக்கிறோம், நானும்தான். ஆனாலும் ஆங்கில மொழி ஆய்வாளர் வால்டர் ஸ்கீட்டின் சுருக்கச் சொற்பிறப்பு அகராதி எங்காவது பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். எனக்கு அகப்பட்டது பினாங்கில், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில். பேரம் பேசி 20 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். முதல் பதிப்பு 1882இல் வந்தது, என்னிடம் இருப்பது ரொம்பப் பிந்தி வந்த மலிவு மறுபதிப்பு.

எந்த அகராதியானாலும் பெரிய சொல்லை விட்டுவிட்டு ஒரு குட்டிச் சொல்லைத் தேடிப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். நான் பார்த்தது ‘பக்’ (buck). நம் பிள்ளைகள் பத்து வெள்ளியை “டென் பக்ஸ்” என்கிறார்களே, அதே பக். பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன என்று ஸ்கீட் காட்டுகிறார்: ‘புக்’ என்றால் ஆண்மான், ‘புக்கா’ என்றால் வெள்ளாட்டுக் கிடா. பக்கத்திலேயே டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் என்று உறவுக்காரச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன, அங்கெல்லாம் அதிகம் கிடாதான். ஆங்கிலத்தில் மட்டும் கிடா கொஞ்சம் பின்னால் போய் மான் முன்னுக்கு வந்துவிட்டது, அப்புறம் முயலின் ஆணும் கங்காருவின் ஆணும்கூட அந்தப் பெயருக்குள் வந்தன. நம் தொல்காப்பிய மரபியலில் ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர் உண்டு. தமிழில் ஒரு விலங்குக்கு நான்கு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நான்கு விலங்கு. இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே அகராதி வாங்கலாம்.

அடுத்த சில பக்கங்களில் ‘புச்சர்’ வருகிறது, இறைச்சி வெட்டுபவர். இது பிரெஞ்சு வழியாக வந்தது, ஆதிப்பொருள் கிடா வெட்டுபவர், ஏனென்றால் பழைய பிரெஞ்சில் ‘பொக்’ என்றால் கிடா. முனீஸ்வரர் பூசைக்குக் கிடா வெட்டுகிற குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், முகம் மலர்ந்துவிடும். இன்னொரு ‘பக்’கும் தனிப் பதிவாக இருக்கிறது, அழுக்குத் துணியைக் காரநீரில் ஊறவைப்பது, நம் வெள்ளாவி மாதிரி. இதற்கும் விலங்குக்கும் ஒட்டுறவு இல்லை. ‘பக்வீட்’ என்ற தானியத்துக்கும் மானுக்கும் சம்பந்தம் கிடையாது, அது பீச் (beech) மரத்தின் கொட்டையைப் போன்ற விதை என்பதால் வந்த பெயர். ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உறவு கட்டாதே என்று இந்த மனிதர் பக்கத்துக்குப் பக்கம் பிடித்து நிறுத்துகிறார், சொல்லாராய்ச்சி என்ற பெயரில் காதில் பட்டதையெல்லாம் முடிச்சுப்போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிற இந்தக் காலத்தில் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

குறை? டாலருக்கு ‘பக்’ என்று பெயர் வந்த கதை இதில் இல்லை. அதற்கு இணையத்தில் டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிமான்லைன் தளத்துக்குப் போக வேண்டும், இலவசம்தான். அமெரிக்காவில் வெள்ளையர்களும் பூர்வகுடிகளும் வியாபாரம் செய்த காலத்தில் மான்தோல்தான் கணக்கு அலகு. 1748இல் பென்சில்வேனியாவின் மொழிபெயர்ப்பாளர் கான்ராட் வைசர் ஒரு பீப்பாய் விஸ்கிக்கு 5 ‘பக்’ என்று தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். டாலர் என்ற பொருளில் அந்தச் சொல் எழுத்தில் கிடைப்பது 1856இல். அமெரிக்க அதிபர் ட்ரூமன் மேசைப் பலகையில் ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ (பொறுப்பு என்னோடு நிற்கிறது) என்று இருந்ததே, அந்த ‘பக்’ வேறு, அது போக்கர் சீட்டாட்டத்தில் யார் முறை என்று காட்டக் கைமாற்றிய அடையாளப் பொருள். புத்தகத்தையும் தளத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் சொல்லின் முழு வாழ்க்கையும் தெரியும்.

மற்றபடி எழுத்து பொடி எழுத்து, நாற்பது தாண்டியவர்களுக்குக் கண்ணாடி போதாது, நல்ல விளக்கும் வேண்டும். மொழிப் பெயர்களுக்குச் சுருக்கக் குறிகள், முதலில் முன்பக்க விளக்கத்தைப் படித்துவிட வேண்டும். உச்சரிப்பு எதுவும் கிடையாது. ஆனால் ‘மல்லிகடானி’யைத் தேடினால் அது தமிழ் மிளகுதண்ணீர் என்று இருக்கும், ‘கேட்டமரான்’ என்றால் கட்டுமரம். இதே பெயர் கொண்ட ஸ்கீட்டின் மகன்தான் சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்து, மலாய் மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி 1900இல் பெரிய நூல் வெளியிட்டவர் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் ஒட்டுறவு.

எஸ்.பி.எம். (மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகிற பிள்ளைக்கு இதை முதல் அகராதியாக வாங்கித் தராதீர்கள், பொருளும் வாக்கியமும் காட்டுகிற மாணவர் அகராதிதான் அவர்களுக்கு வேண்டும். வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளையும் “இது ஏன் இப்படி?” என்று நச்சரிக்கிற ரகம் என்றால், சரி, தாராளமாக வாங்குங்கள்.