கருந்தோலில் நோயறியப் பழக்குவது எப்படி: படமா, பொம்மையா, வார்டா?

மருத்துவப் பாடநூல்களில் 'தோல் சிவந்திருக்கும்' என்ற வரி அடிக்கடி வரும். வெள்ளைத் தோலுக்கு அது சரி. கருந்தோலில் எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். சிவப்பைத் தேடிப் பழகிய மாணவர் அதைத் தவறவிடுவார்.

முதல் வழி, படங்கள். லண்டன் செயின்ட் ஜார்ஜஸில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, 2020-இல் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 'மைண்ட் தி கேப்' என்ற இலவசக் கையேட்டை வெளியிட்டார். கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைப் படத்தோடு காட்டும் கையேடு அது. எந்தக் கல்லூரியும் இதை நாளைக்கே தொடங்கலாம். ஆனால் படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாதே! மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்றால் தடிப்பின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தி, மறைகிறதா என்று பார்ப்பார்கள். கருந்தோலில் அது தெளிவாகத் தெரியாதபோது உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம், மேலண்ணம் என்று தேட வேண்டும். கை பழகினால்தான் இது வரும்.

அடுத்தது பயிற்சிப் பொம்மை. ஊசி போடவும் நெஞ்சை அழுத்தவும் பழக நல்லது. நிறத்தை மட்டும் மாற்றி வாங்கினால், நோயறிதலில் பெரிதாக எதுவும் மாறாது.

மூன்றாவது வார்டு, அதாவது நோயாளியின் பக்கத்தில் நின்று கற்பது. என் ஓட்டு அதற்குத்தான். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றைப் பாருங்கள். ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு உண்மையில் 88 சதவீதத்துக்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத அளவீடுகளில். கருவி 94 காட்டும்போதும் மூச்சு வாங்கும் நோயாளியின் நாக்கு நீலமாக இருக்கிறதா என்று பார்த்து, தமனி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் மருத்துவரின் பக்கத்தில் நின்ற மாணவர் அதை மறக்க மாட்டார்.

வார்டிலும் சிக்கல் உண்டு. எந்த நோயாளி வருவார் என்பது அதிர்ஷ்டம். சொல்லித்தரும் மூத்தவரே இதைப் படிக்காதவராக இருக்கலாம். நோயாளியிடம் அனுமதி கேட்காமல் ஐந்து பேர் சூழ்ந்து நின்று பார்ப்பது அவரை அவமதிப்பது. தமிழ்நாட்டு வார்டுகளில் மாநிறமும் கருநிறமும்தான் பெரும்பான்மை. இங்கே இந்த வழிக்குத் தனிச் செலவே இல்லை.

எந்த வழியானாலும் தேர்வில் வராததை மாணவர்கள் படிக்க மாட்டார்கள். அதனால் செய்முறைத் தேர்விலேயே கேட்க வேண்டும்: பிறந்தவுடன் குழந்தையின் உடல்நிலையை மதிப்பிடும் அப்கர் மதிப்பெண்ணில் 'உடல் முழுதும் இளஞ்சிவப்பு' என்றிருக்கிறது, கருநிறக் குழந்தைக்கு எங்கே பார்ப்பாய்? உதடு, நாக்கு, ஈறு என்று சொல்பவருக்கு முழு மதிப்பெண்.