புதுச்சேரிக்குள் வேலைக்குப் போய்வர எந்த சைக்கிள்?

முத்தியால்பேட்டையிலிருந்து ரயில் நிலையம் வரை நகரத்தைக் குறுக்கே கடந்து ஓட்டினாலும் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கியர் வேண்டும்?" என்று. கேட்க வேண்டியது வேறு: செயினுக்கு முழு மூடி உண்டா, மட்கார்டு உண்டா, பஞ்சரானால் தெருமுனைக் கடையில் பார்ப்பார்களா?

இளைஞர்கள் கை நீட்டுவது பெரும்பாலும் தடித்த டயரும் முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் 21 கியரும் உள்ள மலை சைக்கிள் மீது. பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் கொட்டைக் கொட்டையான அந்த டயர் மண் பாதைக்காகச் செய்தது; தார்ச்சாலையில் உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடும். விலை குறைந்த ஷாக் அப்சார்பர், எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக் காலின் பலத்தை வீணாக்கும். அதன் எடையையும் தினமும் சுமக்க வேண்டும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் அக்டோபர் மழையில் அலுவலகம் போய்ப் பாருங்கள்: இடுப்பிலிருந்து பிடரி வரை சட்டையின் முதுகில் ஒரே கோடாகச் சேறு. இவ்வளவு திட்டினாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் பொருத்திய மலை சைக்கிள் மழையில் நிற்பதுபோல மற்றவை நிற்பதில்லை.

அந்த இடத்தில்தான் தாத்தா காலத்துப் பெரிய சைக்கிள் தோற்கிறது. கம்பி பிரேக்கும் முலாம் பூசிய இரும்பு ரிம்மும் நனைந்துவிட்டால், பிடியை இறுக்கினாலும் வண்டி தன் போக்கில் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். நேரு வீதி நெரிசலில் அந்தக் கொஞ்ச தூரம் கிடைக்காது. ஏறத்தாழ 20 கிலோ எடை வேறு. மற்றபடி அதற்கு ஈடு குறைவுதான். முழு செயின்கவர், அகலமான மட்கார்டு, அரிசி மூட்டை தாங்கும் கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு எல்லாம் கூடவே வரும். வேட்டி கட்டியவரும் கறைபடாமல் போகலாம்.

ஒற்றைக் கியரில் வேகம் வராது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. செயின் ஓடும் முன்வட்டில் 44 பல், பின்வட்டில் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். பெரிய சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆக பெடலின் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தாலே மணிக்கு 19 கிலோமீட்டர் வந்துவிடும். மகாத்மா காந்தி வீதியில் பகல் நேரத்தில் மோட்டார் சைக்கிளே அதைத் தாண்டுவது அபூர்வம்.

கடலோர ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: உப்புக்காற்று. கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பதால், வெளியே தெரியும் கியர் அமைப்புள்ள சைக்கிளுக்கு முழு மூடி போட முடியாது. திறந்து கிடக்கும் செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடாவிட்டால், கடற்கரைக்கு அருகே வசிப்பவர் வீட்டில் அது சீக்கிரமே செந்நிறமாகிவிடும். முதலில் செயின் கிறீச்சிடும். அடுத்து கியர் கம்பி உறைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். பிறகு 21 கியரும் ஒரே கியர்தான், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுக்காத கியர்.

ஒல்லி டயரும் அலுமினியச் சட்டமும் கொண்ட ஹைப்ரிட் (மலை சைக்கிளும் பந்தய சைக்கிளும் கலந்த ரகம்) இவற்றிலெல்லாம் ஓடுவதற்கு இனிமையானது. கோரிமேடு, ஜிப்மர் பக்கமிருந்து தினமும் நகரத்துக்கு வந்து போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். மாலையில் திரும்பும்போது ஏற்றம் உண்டு, அங்கே கியர் உண்மையாகவே உதவும். பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வீச, கிழக்கே கடற்கரை நோக்கி வருகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு கியர் இறக்கிக்கொள்வது நிம்மதி. ஆனால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் தனியாக வாங்க வேண்டும். சட்டத்தில் அவற்றுக்கான திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும் முன் பாருங்கள். வால்வையும் பாருங்கள். சில ஹைப்ரிட் சைக்கிள்களில் ஒல்லியான வால்வு இருக்கும். அதற்கு மரத்தடிப் பஞ்சர் கடையின் பம்பு பொருந்தாமல் போகலாம். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயையோ எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்கு மாற்றிவிடலாம்.

மின்சார சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. வியர்க்காமல் அலுவலகம் சேரலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது. கழற்றி எடுக்கக்கூடிய பேட்டரி உள்ளதை வாங்குங்கள், மாடி வீட்டுக்காரர்கள் கட்டாயம். மழைநீர் முழங்கால் வரை தேங்கும் இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் உங்கள் வழியில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு என் தேர்வு, குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்ந்த சட்டமும் முன்கூடையும் முழு செயின்கவரும் உள்ள ஒற்றைக் கியர் சைக்கிள். ரிம் மட்டும் அலுமினியமாக இருக்கட்டும். ஈரத்திலும் பிரேக் ஓரளவு பிடிக்கும். கேரியரில் சுமை இருக்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற வேண்டியதில்லை, சிக்னலுக்குச் சிக்னல் சட்டென்று கால் ஊன்றலாம், சேலையும் சுடிதாரும் தடையில்லை. 'லேடீஸ் சைக்கிள்' என்று ஆண்கள் ஒதுக்குகிறார்கள். கௌரவத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கடலூர்வாசிகளுக்கும் ஒரு வார்த்தை: அவர்கள் கடைக்குப் போகும் முன் வீட்டுப் பின்கட்டைப் பார்க்கலாம். பிளஸ் ஒன் படித்த பிள்ளைக்குத் தமிழக அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் அங்கே சாய்ந்து கிடக்கக்கூடும். மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் போய்வர அது தாராளமாகப் போதும். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, ஹப்பைப் பிரித்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். உயரமானவர்கள் அதற்கும் முன்பு நீளமான சீட் கம்பி ஒன்று வாங்கிப் போட்டுவிட வேண்டும். பள்ளிப் பிள்ளை உயரத்துக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்து தினமும் மிதித்தால் முழங்கால் தாங்காது.